ஸ்டேஷனிலிருந்து ஒரு போன்

இரவு எட்டே முக்கால் மணி. எட்டு மணிக்கே டியூஷன் முடிந்து வந்திருக்க வேண்டிய பையனைக் காணோம். தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வருகிறது. “உங்க பையன் ஸ்டேஷன்ல இருக்கான். அவங்க அப்பாவை வரச் சொல்லுங்க.” என்ன ஏது என்று கேட்பதற்குள் எதிர்முனையில் வைத்துவிடுகிறார்கள்.

காட்சி கற்பனைதான். ஆனால் இப்படி ஒரு போன் வந்த வீட்டில் அடுத்த அரை மணி நேரம் எப்படிப் போகும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுப்பார். கவுன்சிலரைத் தெரிந்த யாராவது உண்டா என்று அம்மா போன் போட்டுக்கொண்டிருப்பார். ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் அப்பா பையனின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைப்பார். நாலு காக்கிச் சட்டைகளுக்கு முன்னால், தான் பிள்ளையைக் கண்டித்து வளர்க்கிற தகப்பன் என்று காட்டிக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். இந்தக் களேபரத்தில் வீட்டு பீரோவில் இருக்கும் ஒரு தாளை மட்டும் யாரும் கையோடு எடுத்து வர மாட்டார்கள். அது பையனின் வயதைச் சொல்லும் தாள்.

அன்றிரவு எந்த சிபாரிசைவிடவும் அந்தத் தாளுக்குத்தான் பலம் அதிகம்.

பதினெட்டு என்னும் கோடு

குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் தேதியில் 18 வயது நிறையாத எவரும் இந்தியச் சட்டத்தின் பார்வையில் குழந்தைதான். மீசை முளைத்திருந்தாலும் சரி, அப்பாவைவிட அரையடி வளர்ந்திருந்தாலும் சரி. குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்ற எண்ணத்துக்கு இந்தியாவில் முதலில் வடிவம் கொடுத்தது சென்னை மாகாணம்தான். 1920-ல் சென்னைக் குழந்தைகள் சட்டம் வந்தது. 1986-ல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தபோது ஆண் பிள்ளைகளுக்கு 16, பெண் பிள்ளைகளுக்கு 18 என்று கோடு போட்டார்கள். 2000-ல் இருபாலருக்கும் 18 ஆனது. இப்போது நடப்பில் இருப்பது 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 2016 ஜனவரி 15 முதல் அமலில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, சம்பவம் நடந்த தேதி. பிடிபட்ட தேதியோ, வழக்கு விசாரணைக்கு வரும் தேதியோ கணக்கில்லை. இதை 2005-லேயே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. சம்பவத்துக்கு மறுநாளே பையனுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள் வந்திருந்தாலும் அவன் வழக்கு குழந்தைகளுக்கான வழியில்தான் போக வேண்டும்.

வயதை எதை வைத்து முடிவு செய்வது? சட்டத்தின் 94-வது பிரிவு வரிசை சொல்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அவை இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். இவை எதுவுமே இல்லையென்றால்தான் எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனை. இந்த வரிசையில் ஆதார் அட்டைக்கு இடமில்லை. பிறந்த தேதிக்கு ஆதார் ஆதாரமாகாது என்று 2024-ல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. “ஆதார்ல பத்தொன்பதுனு இருக்கே” என்று ஸ்டேஷனில் யாராவது சொன்னால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எடுத்து நீட்ட வேண்டும்.

இங்கே நம் ஊர் வழக்கம் ஒன்று இடறும். ஒரு வருஷம் வீணாகிவிடக் கூடாதென்று, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பிள்ளையின் வயதைச் சில மாதம் கூட்டிக் கொடுத்த பெற்றோர் உண்டு. வரிசைப்படி பள்ளிச் சான்றுக்கே முதலிடம் என்பதால், என்றோ கூட்டிய அந்தச் சில மாதங்கள் பையனைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடக்கூடும். அப்படியிருந்தால் மருத்துவமனைப் பதிவு, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் திரட்டி முதல் நாளே வழக்கறிஞரிடம் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு தாளின் பலம் என்ன என்பதற்கு 2023 மார்ச்சில் வந்த தீர்ப்பைப் பார்க்கலாம். 1994-ல் புனேயில் நடந்த ஒரு கொடூரக் கொலை வழக்கில் ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. வழக்குக் கட்டுகளில் அவர் பெயர் ஒரு மாதிரியும், சொந்த ஊர்ப் பள்ளிப் பதிவேட்டில் வேறு மாதிரியும் இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபணமாகி, சம்பவத்தின்போது அவருக்கு வயது 12 ஆண்டு 6 மாதம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு விடுதலை செய்தது. அதற்குள் அவர் 28 ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தார். சிறார் என்ற வாதத்தை எந்த நீதிமன்றத்திலும் எந்தக் கட்டத்திலும், இறுதித் தீர்ப்புக்குப் பிறகும்கூட, எழுப்பலாம் என்று சட்டம் சொல்வதால்தான் அது சாத்தியமானது. இருந்தாலும், 28 ஆண்டு கழித்து நீட்டிய தாளை அவருக்காக முதல் நாளே நீட்ட ஆளில்லாமல் போயிற்று.

அன்றிரவு ஸ்டேஷனில்

பெற்றோர் போய் நின்றதும் நிதானமாகச் சொல்ல வேண்டியவை இரண்டே வாக்கியங்கள். “சார், பையனுக்கு இன்னும் பதினெட்டு ஆகலை, மார்க் ஷீட் கொண்டுவந்திருக்கேன். இங்க குழந்தைகள் நல அலுவலர் யாருங்க?”

இரண்டாவது வாக்கியத்துக்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் (ஏ.எஸ்.ஐ.) நிலைக்குக் குறையாத ஒருவர் குழந்தைகள் நலக் காவல் அலுவலராக நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். மாவட்ட அளவில் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் கீழ் சிறப்புப் பிரிவும் இருக்க வேண்டும். பிடிக்கப்பட்ட பிள்ளை உடனே இவர்களின் பொறுப்புக்குப் போக வேண்டும். இவர்கள் குழந்தையிடம் சீருடையில் பேசக் கூடாது; சாதாரண உடையில்தான் இருக்க வேண்டும்.

2016-ம் ஆண்டின் மாதிரி விதிகள் போலீஸுக்கு விதிக்கும் கட்டுப்பாடுகள் தெளிவானவை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி வற்புறுத்தக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. விசாரிக்கும்போது பெற்றோர் கூட இருக்கலாம். காயம் இருந்தால் மருத்துவ உதவி கிடைக்க வேண்டும். என்ன புகார் என்று சொல்லி, அறிக்கையின் நகலைத் தர வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் தகவல் போக வேண்டும். அப்போதுதான் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தகவல் போனதா என்று தெரியாவிட்டால் பெற்றோரே 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். குழந்தைகள் உதவி எண் 1098.

பெற்றோரிடம் கையெழுத்து கேட்டால்? பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது உறுதிமொழி எழுதி வாங்குவது வழக்கமான நடைமுறைதான். வெற்றுத்தாளில் மட்டும் போடக் கூடாது. எழுதியிருப்பதை வரிவரியாகப் படித்துவிட்டு, தேதியும் நேரமும் குறித்துக் கையெழுத்துப் போடலாம். படிக்கத் தெரியாதவர், தெரிந்த ஒருவரைக் கூட்டிவரும்வரை பொறுத்திருக்கச் சொல்லலாம்.

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தியாக வேண்டும். பேச்சு வழக்கில் ஜே.ஜே. போர்டு. “நாளைக்கு ஞாயிறு, திங்கள்கிழமைதான் பார்க்கணும்” என்பது பதிலாகாது. குழுமம் கூடாத நாளில் அதன் உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தினாலும் போதும் என்று சட்டமே வழி வைத்திருக்கிறது. பெரியவர்களோடு சேர்த்துப் பிடித்திருந்தாலும் பிள்ளையின் வழக்கைத் தனியாகத்தான் நடத்த வேண்டும்.

பிரிவு எண்ணைப் பாருங்கள்

புகாரில் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்பதில்தான் அடுத்த பல மாதங்களின் போக்கு இருக்கிறது. சட்டம் குற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது. அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு வரை உள்ளவை சிறு குற்றங்கள். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ளவை கொடுங்குற்றங்கள். இடைப்பட்டவை கடுங்குற்றங்கள்.

உதாரணமாக ஒரு செல்போன் பறிப்பு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-வது பிரிவில், அதாவது பறிப்பு என்று பதிவானால், அதிகபட்சம் மூன்று ஆண்டு, சிறு குற்றம். அதே சம்பவம் 309-ன் கீழ் வழிப்பறி என்று பதிவானால் பத்து ஆண்டு வரை போகும், கடுங்குற்றம். கத்தியைப் பயன்படுத்தியதாக 311-ஐச் சேர்த்துவிட்டால் குறைந்தபட்சமே ஏழு ஆண்டு, கொடுங்குற்றம். ஒரே போன், ஒரே தெருமுனை, மூன்று விதமான எதிர்காலம். வழக்கறிஞரிடம் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இது எந்த வகை?” என்பதுதான்.

பெயரைக் கேட்டுப் பயந்துவிடவும் வேண்டாம். கொலை முயற்சி என்றால் குலைநடுங்கும். ஆனால் அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் குறிக்கப்படவில்லை. ஆகவே அது கடுங்குற்றம் என்ற வகையில்தான் வரும். குறைந்தபட்சம் சொல்லப்படாத குற்றங்களைக் கொடுங்குற்றமாகக் கருத முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது. 2021 திருத்தத்தில் அது சட்டத்திலேயே ஏறிவிட்டது. ஒரு கிலோ வரையிலான கஞ்சா, போதைப்பொருள் சட்டத்தில் சிறு அளவு. தண்டனை அதிகபட்சம் ஓராண்டு என்பதால் அது சிறு குற்றம்.

நேர்மாறாக, வீட்டில் ‘லவ் மேட்டர்’ என்று பேசப்படுவது கொடுங்குற்றமாக வந்து நிற்கும். பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் வீட்டை விட்டுப் போய், பெண் வீட்டார் புகார் கொடுத்து, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கடுமையான பிரிவுகள் சேர்ந்தால் குறைந்தபட்சத் தண்டனையே பத்து ஆண்டு. இப்படிப்பட்ட காதல் விவகாரங்களில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று தமிழகக் காவல்துறைத் தலைவர் 2022 டிசம்பரில் சுற்றறிக்கை அனுப்பினார். அது கைதைப் பற்றியது, வழக்கு நிற்கும்.

கொடுங்குற்றமும் பெரியவர்களோடு கூட்டாகச் செய்ததாகச் சொல்லப்படும் குற்றமும் தவிர மற்றவற்றில் முதல் தகவல் அறிக்கையே பதியக் கூடாது. பொது நாட்குறிப்பில் எழுதி, பிள்ளையின் குடும்பச் சூழல் அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது மாதிரி விதி. சிறு குற்றங்களில் பிள்ளையைப் பிடித்து வைக்கவே பொதுவாகத் தேவையில்லை. விசாரணைத் தேதியைப் பெற்றோருக்குச் சொல்லி அனுப்பினால் போதும்.

16 வயது நிறைந்தவர் மேல் கொடுங்குற்றப் புகார் இருந்தால் மட்டும் பாதை பிரிகிறது. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டு வல்லுறவு வழக்கில் சிக்கியவர்களில் ஒருவருக்கு 17 வயது. அவர் மூன்று ஆண்டு சிறப்பு இல்லத்தில் இருந்துவிட்டு 2015 டிசம்பரில் வெளியே வந்த அதே வாரத்தில் மாநிலங்களவை புதிய சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி, செயலின் விளைவைப் புரிந்துகொள்ளும் பக்குவம் பிள்ளைக்கு இருந்ததா என்று குழுமம் மூன்று மாதத்துக்குள் மதிப்பிட்டு, பெரியவரைப்போல் விசாரிக்க குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கேயும் மரண தண்டனை கிடையாது. விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. இந்த மதிப்பீட்டுக்கு முன்பே அனுபவமுள்ள வழக்கறிஞரைப் பிடித்துவிட வேண்டும்.

“ரெண்டு நாள் உள்ளே இருக்கட்டும்”

குழுமத்தின் அறையைப் பார்க்கும் பெற்றோர் பலர் ஏமாந்துபோவார்கள். சினிமாவில் பார்த்த கூண்டு இருக்காது. உயர்ந்த மேடை இருக்காது. பெரும்பாலும், விசாரணைக் காலத்தில் பிள்ளைகளை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தின் வளாகத்திலோ பக்கத்திலோ ஒரு சாதாரண அறை. மேசைக்குப் பின்னால் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும். அந்த இருவரில் ஒருவராவது பெண்.

ஜாமீன் விஷயத்தில் பெரியவர்களுக்கான கணக்கு இங்கே செல்லாது. ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருந்தாலும் பிள்ளையை ஜாமீனில் விடுவதே விதி. காவல் நிலைய அதிகாரியே விடலாம். மறுப்பதற்கு மூன்று காரணங்கள்தான் உண்டு. வெளியே விட்டால் குற்றவாளிகளின் சகவாசம் ஏற்படும், பிள்ளைக்கு உடலுக்கோ மனதுக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும். எதற்காக மறுக்கிறோம் என்று குழுமம் எழுத்தில் பதிய வேண்டும். ஜாமீன் கிடைத்தும் நிபந்தனைகளை ஏழு நாளுக்குள் நிறைவேற்ற முடியவில்லையென்றால், நிபந்தனையை மாற்றித் தரும்படி பிள்ளையை மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். பணமில்லாத காரணத்தால் மட்டும் ஒரு பிள்ளை உள்ளே கிடக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

இந்த மூன்று காரணங்களில் இரண்டைப் பெற்றோரே தங்கள் வாயால் எடுத்துக்கொடுத்துவிடும் அபாயம் உண்டு. கோபத்தில், ஆற்றாமையில், “இவன் என் பேச்சைக் கேக்கவே மாட்டான் மேடம். அந்தப் பசங்ககூடத்தான் எந்நேரமும் சுத்துறான். ரெண்டு நாள் உள்ளே இருக்கட்டும், அப்பவாவது புத்தி வரட்டும்” என்பார் அப்பா. தன் மனசில் இருப்பது அப்பாவுக்குத் தெரியும். கேட்பவரின் குறிப்பேட்டில் ஏறுவது வேறு: கெட்ட சகவாசம் இருக்கிறது, கட்டுப்படுத்த வீட்டில் ஆளில்லை.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வரும்போதும் இதுதான் கதை. தகவல் கிடைத்து இரண்டு வாரத்துக்குள் அவர் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். வீட்டில் யார் யார், வருமானம் என்ன, பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறானா, குடிப்பழக்கம் உள்ளவர் வீட்டில் இருக்கிறாரா என்றெல்லாம் கேட்பார். அவரைப் போலீஸ் என்று நினைத்து மறைக்கத் தேவையில்லை. பையனை உத்தமன் என்று புளுகினாலும் பக்கத்து வீட்டிலோ பள்ளியிலோ விசாரித்தால் வெளியே வந்துவிடும். இனி என்ன ஏற்பாடு என்று சொல்வதுதான் பயன் தரும்: மாலையில் யார் வீட்டில் இருப்பார், எந்தப் பள்ளியில் படிப்பைத் தொடரப்போகிறான், அந்தத் தெருவை விட்டு மாமா வீட்டில் ஆறு மாதம் வைத்துக்கொள்ள முடியுமா. மாமாவையே ஒருநாள் அழைத்து வந்து நிறுத்தினால் இன்னும் நல்லது.

“ரெண்டு நாள்” என்று சொல்கிறவர்கள் செங்கல்பட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும். திருட்டு வழக்கில் பிடிபட்டு அங்கே உள்ள அரசு இல்லத்தில் வைக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் 2022-ன் கடைசி நாளில் இறந்தான். அடித்ததாக இல்லத்தின் ஊழியர்களே கைது செய்யப்பட்டார்கள். இல்லங்களைச் சீர்திருத்தப் பரிந்துரை கேட்டு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு 2023-ல் அமைத்தது. எல்லா இல்லமும் அப்படி என்று பொருளில்லை. பிள்ளை கூர்நோக்கு இல்லத்தில் இருந்தால், பார்வை நாளில் தவறாமல் போக வேண்டும் என்று பொருள். முகத்தையும் கையையும் பார்க்க வேண்டும், தூக்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டும், சந்தேகம் வந்தால் அடுத்த அமர்வில் குழுமத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பைக் சாவி யார் கையில்?

சில வழக்குகளில் பிள்ளையோடு பெற்றோரும் மாட்டுவார்கள். சிறுவர் ஓட்டிய வண்டி விபத்தானால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு பெற்றோரையோ வண்டி உரிமையாளரையோ குற்றவாளி ஆக்குகிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது.

2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி இளம் பொறியாளர்கள் இருவர் இறந்தார்கள். சில மணி நேரத்தில், 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளோடு ஜாமீன் கிடைத்தது. நாடு கொதித்தது, குழுமம் பிறகு அவனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பியது. ஜாமீனை ரத்து செய்யாமலே அடைத்தது சட்டவிரோதம் என்று ஜூனில் மும்பை உயர் நீதிமன்றம் விடுவித்தது. மக்களின் கோபம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் பிள்ளைக்கான நடைமுறை மாறாது என்பது ஒரு பாடம். பெற்றோருக்கான பாடம் வேறொன்று. ரத்த மாதிரியை மாற்றச் சதி செய்ததாக அப்பாவும் அம்மாவும் கைது செய்யப்பட்டார்கள். ஜாமீனுக்கு எளிதான வழியைச் சட்டமே திறந்து வைத்திருக்கும்போது, சாட்சியத்தில் கைவைக்கப் போனால் வீட்டில் எல்லோர் மேலும் வழக்கு வரும்.

வழக்கு முடிந்த பிறகு

விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும்; தேவையானால் இரண்டு மாதம் நீட்டலாம். சிறு குற்றமாக இருந்து, நீட்டித்த காலத்திலும் முடியவில்லையென்றால் வழக்கே முடிவுக்கு வந்துவிடும். அதனால் வாய்தா தேதிகளை ஒரு நோட்டில் குறித்து வைப்பது வீண் வேலையில்லை. தவறு செய்ததாகக் குழுமம் முடிவு செய்தாலும், அறிவுரை சொல்லி அனுப்புவதில் தொடங்கி, குழு ஆலோசனை, சமூக சேவை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு என்று போய், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம் வரை உத்தரவிடலாம். எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பிள்ளையின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. பத்திரிகைக்கு மட்டுமான தடை என்று நினைத்துக்கொண்டு, “என் பையனைப் பொய் கேஸில் பிடித்துவிட்டார்கள்” என்று அவன் படத்தோடு உறவினர் வாட்ஸ்ஆப் குழுவில் போடுகிற சித்தப்பாவையும் தடுக்க வேண்டும்.

“அரசு வேலை போச்சே” என்ற புலம்பலுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. பெரியவராக விசாரிக்கப்பட்டவர் தவிர மற்ற பிள்ளைகளுக்கு இந்த வழக்கால் எந்தத் தகுதியிழப்பும் வராது. முடிந்த வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியிடக் கூடாது. சிஐஎஸ்எஃப் துணை ஆய்வாளர் பணிக்குத் தேர்வான ஓர் இளைஞரைச் சிறுவயது வழக்கைக் காட்டித் தள்ளியபோது, அது செல்லாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது.

தண்டனை விவரம் அடங்கிய ஆவணங்களை மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை அல்லது ஏழு ஆண்டு வரைதான் வைத்திருக்கலாம். பிறகு அழித்துவிட வேண்டும். இறுதி உத்தரவு வந்ததும் அதன் சான்றிட்ட நகல் ஒன்றைப் பெற்று, ஆவணங்களை அழிக்கும்படியான உத்தரவும் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் வழக்கறிஞர் மூலம் அன்றே ஒரு மனு போடலாம்.